போக மறுக்கும் பச்சைக் கேடயம்

கணினி கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் முக்கால்வாசி ஒரே ரகம்: "இது எனக்கு வேண்டாம், எப்படி எடுப்பது?" முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, கூட வேலை பார்த்த ஆசிரியையிடம் அவர் பயன்படுத்திய மேக்புக் ஏரை இருபத்தெட்டாயிரத்துக்கு வாங்கினேன். திரையின் மேல் பட்டையில், வைஃபை அடையாளத்துக்குப் பக்கத்தில், பச்சைக் கேடயம் போல ஒரு படம் இருக்கிறது. அரை மணிக்கு ஒரு தடவை அதில் சிவப்புப் புள்ளி வந்து, "உங்கள் கணினியில் 1,432 பிரச்சினைகள்" என்கிறது. அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் அந்தச் செயலியைத் தேடிப் பிடித்து ட்ராஷில் போட்டேன். அன்றைக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் திறந்தால் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. "ஃபார்மட் பண்ணிடலாம்மா" என்கிறான் மகன். வேறு வழி இல்லையா?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கடைசியில் அதற்கு வருகிறேன்.

அந்த 1,432-ஐ நினைத்துப் பயப்பட வேண்டாம். 'சுத்தம் செய்கிறேன்' என்று வரும் இந்த மாதிரிச் செயலிகள் பல, பிரௌசர் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகளை ஒன்றொன்றாக எண்ணிப் பிரச்சினைக் கணக்கில் சேர்த்துவிடும். எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தானே பணம் கட்டும் பொத்தானை நாம் அழுத்துவோம்?

மேல் பட்டையில் தெரிகிற படம் பெயர்ப்பலகை மாதிரி. உங்கள் விஷயத்தில் அதை மாட்டி வைப்பது நீங்கள் ட்ராஷில் போட்ட செயலி இல்லை; பின்கட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குட்டி நிரல். நீங்கள் முன்வாசலைப் பூட்டினீர்கள், கொல்லைக் கதவு திறந்தே கிடக்கிறது. காலையில் லாகின் செய்ததும் மேக்கே அதை எழுப்பிவிடுகிறது. 'இவரை எழுப்பவும்' என்று ஒரு சீட்டை அந்தச் செயலி முதல் நாளே எழுதி வைத்திருக்கும். அந்தச் சீட்டைத்தான் கிழிக்க வேண்டும்.

அதற்கு முன்னால், அந்தப் படத்தைக் கிளிக் செய்து அது யார் என்று பெயரைப் பாருங்கள். எந்த ஐகானாக இருந்தாலும் இதைத்தான் முதலில் சொல்வேன். நான் சூடு கண்ட பூனை.

சிவகாசியில் அப்போது நான் டி.டி.பி. வேலை பார்த்த அச்சகத்தில் ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவர வேண்டும். ஆனி கடைசி வாரம். என் மேக்கின் மேல் பட்டையில் ஒன்பது பத்து ஐகான்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. அதில் ஒன்று கறுப்புக் கட்டம், உள்ளே 'எஃப்' என்று ஓர் எழுத்து. எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் போட்டுவிட்டுப் போனது. 'க்விட்' கொடுத்தேன். திரும்ப வராதபடி தொடக்கப் பட்டியலிலிருந்தும் எடுத்தேன். பட்டை பளிச்சென்று ஆனது, சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் தினசரித் தாள்களைத் திறக்கிறேன்: நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் எல்லாம் காணோம். அந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஓடுகிறது.

அந்தக் கறுப்புக் கட்டம்தான் எங்கள் எழுத்துருக்களை எல்லாம் ஏற்றி வைத்திருந்த செயலி. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் அவை; ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். எழுத்துரு இறங்கினால் தமிழ் போய்விடும், அடியில் கிடக்கும் ஆங்கிலக் குப்பை மேலே வந்துவிடும். கிருத்திகை விரதம் என்று இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்ப் பஞ்சாங்கம்மா?" என்றார் முதலாளி. பிளேட் போடுவதற்கு முன்னால் கண்ணில் பட்டதால் பிழைத்தேன்.

உங்கள் கேடயம் அப்படி எதையும் தாங்கிக்கொண்டு நிற்கவில்லை, தைரியமாக எடுக்கலாம். ட்ராஷை இன்னும் காலி செய்யவில்லை என்றால் நல்லது. அந்தச் செயலியின் மேல் வலது கிளிக் செய்து 'புட் பேக்' கொடுங்கள். ஆமாம், திரும்ப உள்ளே கூப்பிடத்தான் சொல்கிறேன். இந்த மாதிரிச் செயலிகள் சிலவற்றில் 'அன்இன்ஸ்டால்' என்ற வழி அவற்றின் சொந்த மெனுவுக்குள்தான் இருக்கும், பெரும்பாலும் 'ஹெல்ப்' பக்கத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். அது கிடைத்தால் சீட்டு, உதவியாள், சாமான் செட்டு எல்லாவற்றையும் அதுவே எடுத்துக்கொண்டு போய்விடும். ஒழுங்கான செயலி என்றால் இவ்வளவுகூட வேண்டாம்: அதன் செட்டிங்ஸில் 'ஷோ இன் மெனு பார்' (மெனு பார் என்பது இந்த மேல் பட்டைதான்), 'லாஞ்ச் அட் லாகின்' என்ற இரண்டு டிக்கை எடுத்தால் போதும்.

அந்த வழி இல்லையா? ஆப்பிள் சின்னத்தைக் கிளிக் செய்து சிஸ்டம் செட்டிங்ஸ் திறங்கள். ஜெனரல், அதற்குள் லாகின் ஐட்டம்ஸ். (உங்கள் மேக்கில் ஓடுவது 2022-இல் வந்த வென்ச்சுரா என்ற இயங்குதளப் பதிப்புக்கு முந்தையது என்றால் சிஸ்டம் பிரிஃபரன்ஸஸில் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸுக்குள் இருக்கும்.) சிஸ்டம் செட்டிங்ஸில் என்றால் இரண்டு பட்டியல் தெரியும். மேலே உள்ளது, லாகின் செய்ததும் வெளிப்படையாகத் திறப்பவை. கீழே உள்ளது, சத்தமில்லாமல் பின்னணியில் ஓட அனுமதி பெற்றவை. உங்கள் ஆள் கீழ்ப்பட்டியலில்தான் இருப்பார். செயலியின் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். சில சமயம் அதை எழுதிய நிறுவனத்தின் பெயரோ ஒரு தனி மனிதரின் பெயரோதான் இருக்கும். அந்த ஸ்விட்சை அணைத்து, ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாதிப் பேருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும்.

முடியாதவர்களுக்கு: ஃபைண்டரில் 'கோ' மெனுவைத் திறந்து, கம்ப்யூட்டர், மேக்கின்டாஷ் எச்டி, லைப்ரரி என்று உள்ளே போங்கள். லாஞ்ச் ஏஜென்ட்ஸ், லாஞ்ச் டீமன்ஸ் என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். சீட்டுகள் அங்கேதான். ஒவ்வொரு கோப்பின் பெயரும் முகவரியைத் தலைகீழாக எழுதினாற்போல இருக்கும்: முதலில் 'காம்', பிறகு நிறுவனம், பிறகு செயலி. உங்கள் கேடயத்தின் நிறுவனப் பெயர் உள்ளதை மட்டும் ட்ராஷுக்கு அனுப்புங்கள், கடவுச்சொல் கேட்கும். பிரிண்டர் நிறுவனம், அடோபி என்று மற்றவர்கள் சீட்டும் அங்கே இருக்கும், அதைத் தொட வேண்டாம். அதே லைப்ரரியில் 'அப்ளிகேஷன் சப்போர்ட்' என்ற ஃபோல்டருக்குள்ளும் பாருங்கள், அந்த உதவியாள் நிரல் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும்.

உங்கள் பெயரில் இன்னொரு லைப்ரரி உண்டு. ஆனால் மறைத்து வைத்திருப்பார்கள். 'கோ' மெனுவைத் திறந்துகொண்டு ஆப்ஷன் விசையை அழுத்தினால் பட்டியலில் எட்டிப் பார்க்கும். அதற்குள்ளும் ஒரு லாஞ்ச் ஏஜென்ட்ஸ் இருக்கலாம். எல்லாம் முடிந்ததும் ரீஸ்டார்ட். ட்ராஷை மட்டும் ஒரு வாரம் காலி செய்யாதீர்கள். எதையாவது தப்பாகப் போட்டிருந்தால் 'புட் பேக்' இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது உங்களிடம், "எதற்கு இவ்வளவு? கமாண்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஐகானைக் கீழே இழுத்துவிட்டால் போதுமே" என்பார்கள். அது ஆப்பிளின் சொந்த ஐகான்களுக்கு. புளூடூத், பேட்டரி போன்றவற்றைக் கமாண்டை அழுத்தியபடி பட்டைக்குக் கீழே இழுத்தால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி வரும், விட்டுவிட்டால் போய்விடும். பழைய மேக்குகளில் புஸ்ஸென்று ஒரு புகை வரும், அதைப் பார்ப்பதற்காகவே இழுத்து விளையாடியிருக்கிறோம். வெளியார் செயலிகளின் ஐகான் பெரும்பாலும் இடம் மாறுமே தவிர கழன்று வராது. சில மட்டும் வரும்.

கமாண்ட் விசை எது என்று சிலர் கேட்பதுண்டு. நாலு மூலையிலும் சுழி போட்ட சதுரம் ஒன்று விசையில் இருக்குமே, அதுதான். எனக்கு அது மார்கழியில் போடும் சிக்குக் கோலத்தின் ஒரு கண்ணியாகவே தெரியும். முதல் மேக்குக்கு ஐகான்கள் வரைந்த சூசன் கேர் அம்மா ஒரு குறியீட்டுப் புத்தகத்தில் பார்த்து எடுத்தது. ஸ்வீடனில் பார்க்க வேண்டிய இடங்களுக்குச் சாலையோரத்தில் வைக்கும் அடையாளமாம். அந்த இடத்தில் முதலில் ஆப்பிள் சின்னம்தான் இருந்தது, மெனு முழுக்க ஆப்பிளாகத் தெரிகிறதே என்று ஸ்டீவ் ஜாப்ஸ் வேண்டாம் என்றார்.

இழுத்துப் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு இதைக் காட்டிக்கொடுத்தேன். அவள் ஆர்வத்தில் விசைப்பலகை மாற்றும் ஐகானையும் கழற்றிவிட்டு, "அக்கா, தமிழ் வரமாட்டேங்குது" என்று வந்து நின்றாள். தமிழ் 99 விசைப்பலகை எங்கும் போகவில்லை, கண்ட்ரோலும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மாறத்தான் செய்தது. ஐகானைத் திரும்பக் கொண்டுவர, செட்டிங்ஸில் கீபோர்ட் பகுதிக்குப் போய், இன்புட் சோர்ஸஸ் பக்கத்தில் உள்ள எடிட்டைக் கிளிக் செய்து, 'ஷோ இன்புட் மெனு' என்பதை இயக்க வேண்டும்.

2025-இல் வந்த டாஹோ பதிப்பில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் மெனு பார் என்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். வெளியார் செயலிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்விட்ச். அணைத்தால் ஐகான் மறையும். மறையும், அவ்வளவுதான். பலகையைக் கழற்றினால் கடை மூடாது. பின்னால் எண்ணுகிற ஆள் எண்ணிக்கொண்டேதான் இருப்பார்.

இனி உங்கள் மகன் சொன்னது. பிறர் வைத்திருந்த மேக்கை வாங்கினால் முதல் நாளே எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்குவதுதான் என் பழக்கமும். டி2 என்ற பாதுகாப்புச் சிப் அல்லது ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்கில், 2021-இன் மான்டெரே பதிப்பிலிருந்து 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' என்ற வசதி இருக்கிறது. பத்து பதினைந்து வருஷத்துக்கு முன்பு டிவிடியோடு மல்லுக்கட்டிய கதை எல்லாம் இல்லை. ஆனால் அதைத் தொடுவதற்கு முன், விற்ற ஆசிரியையை அவருடைய ஐக்ளவுட் கணக்கிலிருந்து அந்தக் கணினியை விடுவிக்கச் சொல்லுங்கள். தொலைந்த கருவியைத் தேடும் 'ஃபைண்ட் மை' வசதி அவர் பெயரில் இருக்கும்போது அழித்தால், திரும்பத் திறக்கையில் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். உங்கள் விடைத்தாள் பட்டியல், படங்கள் எல்லாவற்றையும் வெளியே நகல் எடுத்துக்கொண்டு, காலாண்டு விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள் அந்த வேலையை.

கேள்வி: ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். விண்டோஸ் 11. பில் போடும்போது மவுஸ் இடது கீழ் மூலைக்குப் போனாலே வெயில் நிலவரமும் சினிமாச் செய்தியுமாக ஒரு பெரிய பலகை விரிந்து பாதித் திரையை மறைக்கிறது. வாடிக்கையாளர் முன்னால் மானம் போகிறது.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அது விட்ஜெட்ஸ். கீழே உள்ள பட்டையில் காலி இடமாகப் பார்த்து வலது கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், அதில் விட்ஜெட்ஸ் ஸ்விட்சை அணையுங்கள். அரை நிமிஷ வேலை. அதே பக்கத்தில் 'அதர் சிஸ்டம் ட்ரே ஐகான்ஸ்' என்று இருக்கும். வலது மூலையில் தொங்கும் மற்றவர்களை அங்கே மறைக்கலாம். மறைத்தாலும் ஓடிக்கொண்டிருப்பவர்களை நிறுத்த, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். பில் போடும் மென்பொருளின் பெயர் அங்கே இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு எதிர்ப் பிரச்சினை. புதிய மேக்புக் ஏருக்கு மாறினேன். பழைய கணினியில் இருந்த எல்லாச் செயலிகளும் வந்துவிட்டன. ஆனால் அலுவலக விபிஎன் ஐகானைக் காணோம். செயலி ஓடுகிறது, இணைப்பும் இருக்கிறது, படம் மட்டும் இல்லை.
– மொழிபெயர்ப்பாளர், சென்னை

பதில்: கேமராவுக்காகத் திரையின் மேல் நடுவில் ஒரு வெட்டு விட்டிருக்கிறார்களே, அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. 2021-இன் மேக்புக் ப்ரோவிலும் 2022-இன் ஏரிலும் வந்த வெட்டு அது. ஐகான்கள் வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாக வரிசை கட்டும். கூட்டம் கூடினால் கடைசியில் நிற்பவர் வெட்டுக்குள் போய்விடுவார். 'இங்கே இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள்' என்று ஓர் அம்புக்குறியாவது காட்டலாம், காட்டுவதில்லை. இவ்வளவு காசு வாங்கும் கணினியில் இது எனக்கு எரிச்சலான விஷயம்.

வேண்டாத நாலைந்து செயலிகளை மூடிப் பாருங்கள், விபிஎன் வெளியே வந்து நிற்கும். வந்ததும் கமாண்டை அழுத்திக்கொண்டு அதை வலது பக்கமாக இழுத்து, நெரிசலுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஐகான்களை மடித்து வைப்பதற்கென்றே ஹிடன் பார், ஐஸ் போன்ற இலவசச் செயலிகள் உண்டு. அவற்றில் சில, திரையைப் பதிவு செய்யும் அனுமதி கேட்கும். வங்கி வேலை, வாடிக்கையாளர் ஆவணம் எல்லாம் அதே கணினியில் என்றால், அனுமதி கொடுப்பதற்கு முன் ஒரு தேநீர் குடித்துவிட்டு யோசியுங்கள். நான் போடவில்லை. என் பட்டையில் மொத்தமே ஆறு ஐகான்கள்.

கேள்வி: ஆய்வேடு எழுதுகிறேன். மேக்கின் வலது மூலைக் கடிகாரத்தைப் பார்த்தாலே படபடப்பாக இருக்கிறது. எடுத்துவிட முடியுமா?
– ஆய்வு மாணவி, புதுச்சேரி

பதில்: கடிகாரமும் கண்ட்ரோல் சென்டரும் கழன்று வராது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'கிளாக்' என்று அடித்து, டிஜிட்டலுக்குப் பதில் அனலாக் என்று மாற்றுங்கள். சுண்டைக்காய் அளவு வட்டமாகிவிடும். என் வயதுக்காரர்களுக்கு மணி தெரியவே தெரியாது, உங்களுக்கு வேண்டியதும் அதுதானே. அதுவும் பிடிக்கவில்லை என்றால் மெனு பார் மொத்தமும் தானாக மறைந்துகொள்ளும்படி வைக்கலாம், அதே தேடல் பெட்டியில் 'மெனு பார்' என்று தேடினால் வழி கிடைக்கும். மவுஸை மேலே கொண்டுபோனால் இறங்கி வரும். 1983-இன் லிசா கணினியிலிருந்தே ஆப்பிள் பட்டையைத் திரையின் உச்சியில் ஒட்டி வைத்திருப்பதில் ஒரு சௌகரியம் இது: மவுஸைக் கண்ணை மூடிக்கொண்டு மேலே தள்ளினாலும் விளிம்பில் முட்டி நின்றுவிடும், குறிபார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆன்லைனில் வீணை வகுப்பு எடுக்கிறேன். மேக்கின் மேல் மூலையில் சிறிதாக ஓர் ஆரஞ்சுப் புள்ளி. வகுப்பு முடிந்து சமையலறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தாலும் அப்படியே இருக்கிறது. எப்படி அகற்றுவது?
– வீணை ஆசிரியை, மதுரை

பதில்: அதை அகற்ற வழி இல்லை, இருந்தாலும் சொல்லமாட்டேன். ஏதோ ஒரு செயலி உங்கள் மைக்கைத் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் உள்ள கண்ட்ரோல் சென்டரைக் கிளிக் செய்தால் எந்தச் செயலி என்று பெயரோடு காட்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், வகுப்பு முடிந்ததும் இடது மூலைச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போகிறீர்கள் என்று தோன்றுகிறது. மேக்கில் அது ஜன்னலைத்தான் மூடும், செயலியை மூடாது. அழைப்பை முடித்துவிட்டு, கமாண்டையும் க்யூவையும் சேர்த்து அழுத்துங்கள். பிறகும் புள்ளி நின்றால், கண்ட்ரோல் சென்டர் என்ன பெயர் காட்டுகிறது என்று எழுதி அனுப்புங்கள்.